நாற்காலி பிடுங்குகிறவர்

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. மாடிப்படி ஏறி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கதவோரமாக ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். 'பரவாயில்லையே, நாலு பேர் வந்தால் உட்காரவைக்க எக்ஸ்ட்ரா நாற்காலியெல்லாம் வைத்திருக்கிறார்களே' என்று மரியாதையாக நினைத்துக்கொள்வார்கள். இண்டர்வியூவுக்குப் போன நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அந்த ஆபீஸில் எக்ஸ்ட்ரா நாற்காலி ஒன்றுகூடக் கிடையாது. அடுக்கு எவ்வளவு உயரமோ, அன்றைக்கு அத்தனை பேர் நின்றுகொண்டு வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுக்குகிறவர் அவர். எங்கள் டீம் லீடர். அவர் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் முன்அனுமதி வாங்கினாயா, ஆமாவா இல்லையா என்று எங்கிருந்தாவது கேட்பார். முகத்துக்கு நேரே 'சார்' என்போம். கீழே டீக்கடையில் என்ன சொல்வோம் என்பதை அச்சில் போட முடியாது.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் நடந்த கதை இது. சென்னையில் ஒரு கம்பெனிக்காகப் பள்ளிக்கூடப் பாடங்களை ஃப்ளாஷில் படம் வரைந்து, அசையவைத்து, கடைசியில் பத்து மார்க்குக்கு ஒரு பரீட்சையும் வைத்து வெப்சைட்டில் போட்டுக் கொடுப்பது எங்கள் தொழில். தவளையின் இதயத்தைத் தட்டினால் துடிக்கும். பூவைத் தட்டினால் இதழ் விரியும். தட்டினால் என்ன ஆகவேண்டும் என்பதை ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் நாங்கள் எழுதுவோம்.

அந்த மொழியில் ஒவ்வொரு சின்ன வேலையையும் ஒரு ஃபங்ஷனாக எழுதவேண்டும். அது போய் வேலையை முடித்து எதையாவது கொண்டுவந்து கொடுக்கும். என்ன மாதிரிப் பொருளைக் கொண்டுவரும் என்பதை அதன் தலையிலேயே எழுதிவிடலாம். எண் என்றால் நம்பர். எழுத்து என்றால் ஸ்ட்ரிங். ஆமாம், இல்லை என்றால் பூலியன். எதையும் கொண்டுவராது என்றால் வாய்டு. இதற்கு ரிடர்ன் டைப் என்று பேர். எழுதலாம் என்றுதான் சொன்னேன். எழுதாவிட்டாலும் மொழி கோபித்துக்கொள்ளாது, அது பாட்டுக்கு ஓடும். அவர்தான் கோபித்துக்கொள்வார்.

சேர்ந்த புதிதில் நான் ஒரு நாள் கேட்டுவிட்டேன். "எழுதாட்டியும் ஓடுது சார்."

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நான் அப்போதே கொஞ்சம் பூசினாற்போல இருப்பேன். பார்க்க நேரமெடுக்கும்.

"சட்டை போடாட்டியும் நீ நடப்ப. கடலூர்லேருந்து பஸ்ல வரும்போது ஏன் போட்டுக்கினு வர?"

ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் என் நாற்காலி போய்விட்டது.

அதுதான் சட்டம். ரிடர்ன் டைப் எழுதாமல் ஒரு ஃபங்ஷன் அவர் கண்ணில் பட்டால், எழுதியவன் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்பார். தோளைத் தட்டுவார். நாம் எழுந்திருக்கவேண்டும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் அடுக்குவார். சாயங்காலம் வரைக்கும் நின்றுகொண்டே டைப் அடிக்கவேண்டும். குற்றம் பெரிசு என்று அவருக்குத் தோன்றினால் அந்த வாரம் முடிகிற வரைக்கும். திட்டமாட்டார். குரலை உயர்த்தமாட்டார். முதலாளியிடம் போய்ச் சொல்லவும் மாட்டார். நாற்காலியை அவ்வளவு பதவிசாகத் தூக்குவார். உள்ளே குழந்தை தூங்குகிற மாதிரி.

எனக்கு அவர் வைத்த இண்டர்வியூவையும் சொல்லவேண்டும். நான் கெமிஸ்ட்ரி படித்தவன். கெமிஸ்ட்ரிக்கு வேலை இல்லாததால் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து ஃப்ளாஷ் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவரும் கெமிஸ்ட்ரி.

"புரோகிராம் தெரியுமா?" என்றார் அவர்.

"சார், வந்து, காலேஜ்ல நான்..."

"பூலியன்."

"சார்?"

"நான் கேட்டது ஆமா இல்லன்னு ரெண்டே பதில் உள்ள கேள்வி. நீ கதை சொல்ற. தெரியுமா?"

"தெரியும் சார்."

"எவ்ளோ நாளா தெரியும்?"

"சார், நான் எப்பவுமே இன்ட்ரஸ்ட்டா..."

"நம்பர்."

"ஆறு மாசம் சார்."

"ஆறுன்னா ஆறு. மாசம்னு நான்தான் புரிஞ்சிக்கணும். வேலைக்கு வா."

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். வேலை கிடைத்துவிட்டது என்றேன். ஆள் எப்படிடா என்றாள். நல்ல மனுஷன்ம்மா, ஜாஸ்தி பேசமாட்டார் என்றேன். என் வாழ்க்கையில் மனிதர்களை நான் எடைபோட்ட லட்சணத்துக்கு இது ஒரு சாம்பிள்.

அவருக்கு இந்த நான்கு வகை ஸ்கிரீனோடு நிற்கிற விஷயமில்லை. உலகத்தையே அப்படித்தான் வைத்திருந்தார். ஒரு நாள், "அந்த ஃபேனை நிறுத்து" என்றார். நிறுத்திவிட்டு, "ஓகே சார்" என்றேன். தோளில் தட்டு. ஏன் என்று கண்ணால் கேட்டேன்.

"ஃபேனை நிறுத்துங்கிறது வாய்டு. பதில் எதிர்பார்க்காத வேலை. நீ பதில் கொடுத்த."

'ஓகே' சொன்னதற்காக நாற்காலியை இழந்தவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஃபேனும் நின்றிருந்தது, நானும் நின்றிருந்தேன்.

கீழே பாத்திரக்கடையில் நாள் முழுவதும் பேர் வெட்டுகிற மிஷின் கிர்ர்ர் என்று கத்திக்கொண்டிருக்கும். கல்யாணச் சீர், காதுகுத்துச் சீர் என்று எந்தப் பாத்திரமும் பேர் வெட்டாமல் கடையைவிட்டு இறங்காது. அந்தச் சத்தத்தில் எங்களுக்குத் தலை வெடிக்கும். அவர் மட்டும் ஜன்னலோரமாக நின்று கேட்டுக்கொண்டிருப்பார். பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர் முகம்போல இருக்கும்.

அவர் மகள் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் ஆபீஸ் போனுக்குக் கூப்பிடுவாள். ஒரு தடவை நான்தான் எடுத்தேன். "அங்கிள், அப்பாகிட்ட குடுங்க, ஒரு சூப்பர் விஷயம்" என்று மூச்சுவாங்கச் சொன்னது குழந்தை. அவரிடம் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்றேன், நாற்காலி இல்லாததால் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற வசதி இருந்தது.

"ம்" என்றார். அந்தப் பக்கம் கீச்சுக்கீச்சென்று ஏதோ நடந்தது. டீச்சர் என்று காதில் விழுந்தது. எல்லாரும் கை தட்டினாங்க என்றும் விழுந்தது.

"நம்பர் சொல்லு" என்றார்.

கீச்சுச் சத்தம் நின்றது. பிறகு ஏதோ சொன்னாள்.

"நூத்துக்கு நூறு. சரி." வைத்துவிட்டார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. எண் வந்து சேர்ந்துவிட்ட சந்தோஷம். அதற்குப் பிறகு அந்தக் குழந்தை போன் செய்தால் எடுத்தவுடனே எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடும். எனக்கே ஒரு தடவை, நான் ஹலோ சொல்வதற்குள், "தொண்ணூத்தி நாலு" என்று சொல்லிவிட்டு வைத்தது. அன்று பூராவும் எனக்கு என்னவோபோல இருந்தது.

ஆனால் ஒன்று. சொன்னதைக் கொண்டுவந்து கொடுக்கிறதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு ஐப்பசியில் விடாமல் மழை. புவனகிரிப் பக்கம் ரோட்டில் தண்ணீர் ஏறி பஸ் ஓடவில்லை. முந்தின நாள் சாயங்காலம், "நாளைக்கு ஒம்பது மணிக்கு இருப்பேன்" என்று அவர் வாய் சொல்லியிருந்தது. நாங்கள் யாரும் போகவில்லை. நான் கடலூரில் போர்வைக்குள் இருந்தேன். அவரும் கடலூர்தான், எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி. லாரி பிடித்து, நடந்து, இடுப்பு வரை நனைந்து ஒன்பதுக்கு ஆபீஸ் திறந்து உட்கார்ந்திருக்கிறார். கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் ஓடாது. சாயங்காலம் ஆறு வரைக்கும் உட்கார்ந்திருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பாத்திரக்கடைக்காரர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மறுநாள் நாங்கள் போனபோது எங்கள் எல்லோருடைய நாற்காலியும் மூலையில் அடுக்கியிருந்தது.

இனி அந்தோணி.

அந்தோணி நெல்லிக்குப்பத்துக்காரன். அவன் அப்பா சுகர் மில்லில் வேலை செய்தவர். சின்ன வயதில் வந்த போலியோவில் அவனுக்கு இடது கால் சூம்பிப்போய்விட்டது. பேன்ட்டுக்குள்ளே இரும்புப் பட்டை போட்ட காலணி. மாடிப்படி ஏறும்போது டக், டக் என்று வரும். சத்தத்தை வைத்தே அவன் எத்தனையாவது படியில் இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். நானும் அவனும் கடலூரிலிருந்து ஒரே பஸ். எனக்கு அவன் மச்சான், அவனுக்கு நான் குண்டு மச்சான். எங்களில் நன்றாக எழுதுகிறவன் அவன்தான். டைப் எழுதாமல் விட்டு நாற்காலியை இழக்காதவனும் அவன் ஒருவன்தான். "எனக்கு நிக்கிறது கட்டுப்படியாவாது மச்சான், அதான் ஒழுங்கா எழுதறேன். உங்களுக்கெல்லாம் ரெண்டு காலு, கொழுப்பு" என்பான்.

அவனுக்குக் காடாம்புலியூரில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு முந்திரித் தோப்பும் நாலு பலாமரமும். காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். "வேல நெரந்தரமா? அத மட்டும் காட்டுங்க" என்றாராம். அந்தோணிக்கு ட்ரெயினிங் முடிகிற நேரம். கன்ஃபர்ம் செய்வதா வேண்டாமா என்று எழுதிக்கொடுக்கவேண்டியவர் எங்கள் சார். பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்போது அந்தோணி தினமும் அந்தப் பெண்ணைப் பற்றி ஆரம்பிப்பான். தெற்கு வீதி வரும்வரை நிறுத்தமாட்டான். ஒரு தடவைதான் பார்த்திருக்கிறான். அவ்வளவு பேச்சுக்கு அந்த ஒரு தடவையில் எங்கேயிருந்து சரக்கு எடுத்தான் என்பது எனக்கு இன்றும் புரியாதது.

சென்னைக் கம்பெனிக்காரர்கள் பாடத்தைப் பார்க்க வந்த நாள். தவளை துடித்தது. பூ விரிந்தது. வந்தவர்களில் ஒரு அம்மாள் தானே பரீட்சை எழுதிப் பார்த்தார். முதல் பகுதியில் நாலு, இரண்டாம் பகுதியில் ஐந்து. மொத்தம் காட்டும் பட்டனைத் தட்டினார்.

பத்துக்கு நாற்பத்தைந்து.

"பரவாயில்லையே, நான் இவ்வளவு நல்லா எழுதினேனா" என்று அந்த அம்மாள் சிரித்தார். கூட வந்தவர் சிரிக்கவில்லை. எங்கள் முதலாளி சிரிக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர்கள் போனதும் சார் மொத்தம் போடுகிற ஃபங்ஷனைத் திறந்தார். அந்தோணி எழுதியது. வந்த இரண்டு மார்க்கையும் கூட்டித் திருப்பித் தருகிற ஒரே வரி. அதன் தலையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவசரத்தில் ரிடர்ன் டைப்பை விட்டுவிட்டிருந்தான். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக.

சார் போய் அவன் தோளைத் தட்டினார்.

"சார், டைப் எழுதியிருந்தாலும் இதேதான் சார் வந்திருக்கும். தப்பு வேற எங்கியோ..."

"எழுதினியா? ஆமாவா, இல்லையா?"

"இல்ல சார்."

நாற்காலியைத் தூக்கினார். "இந்த வாரம்" என்றார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "சார், அவன் காலு..." என்றேன்.

"ரூல்ல காலு இருக்குதா?"

எனக்கு அதற்கு மேல் தைரியம் ஸ்டாக் இல்லை.

அந்தோணி நின்றான். மேஜை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து, நல்ல காலில் பாரத்தைப் போட்டு நின்றான். மத்தியானத்துக்கு மேல் நல்ல காலும் நடுங்க ஆரம்பித்தது. நான் ஒரு அட்டைப்பெட்டியை நைசாக அவன் பக்கம் தள்ளினேன். சார் வந்து அதையும் பதவிசாக எடுத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை மாடிப்படியில் செருப்புச் சத்தம். வெள்ளை வேட்டி, கக்கத்தில் மஞ்சள் பையில் முந்திரிக்கொட்டை, பெரிய மீசை. காடாம்புலியூர்க்காரர். சிதம்பரத்துக்கு வேறு சோலியாக வந்தவர், மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்தையும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஏறிவிட்டார். உள்ளே வந்து பார்த்தால் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம், மாப்பிள்ளை மட்டும் நிற்கிறான்.

"இன்னா தம்பி, ஒக்கார நாற்காலி கூட குடுக்கலியா ஒனக்கு?"

அந்தோணி முகம் செத்துவிட்டது. நான் எழுந்து ஓடினேன். "அது ஒண்ணுமில்ல மாமா, இப்போ ஃபாரின்ல எல்லாரும் நின்னுக்கினேதான் வேல செய்றாங்க. ஒடம்புக்கு நல்லதாம். என்னியும் டாக்டர் நிக்கச் சொன்னாரு, நான்தான் கேக்கல" என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன். அவர் மீசைக்குக் கீழே லேசாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. வெற்றி என்று நினைத்தேன்.

"இல்ல" என்று பின்னாலிருந்து குரல். சார் எழுந்து வந்திருந்தார். "அவரு வேலைல தப்பு செஞ்சாரு. பனிஷ்மென்ட்."

முந்திரிக்கொட்டைப் பையை மேஜையில் வைத்துவிட்டுக் காடாம்புலியூர்க்காரர் இறங்கிப் போனார். படியில் அந்தச் செருப்பு ஒவ்வொரு படியாக யோசித்துக்கொண்டே இறங்கியது.

அன்று பஸ்ஸில் அந்தோணி பேசவில்லை. ஆலப்பாக்கம் வந்தது, போயிற்று.

வியாழக்கிழமை காலை. சார் வழக்கத்துக்கு மாறாக வெகுநேரம் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்திருந்தது பொது ஃபைல். சர்வரில் இருக்கும் மார்க்கைப் போய் எடுத்துவரும் ஃபங்ஷன் அதில்தான் இருந்தது. அதை எழுதியவர் அவர். வேறு யாரும் தொடக்கூடாத ஃபைல் அது. தலையில் 'நம்பர்' என்று கொட்டை எழுத்தில் அறிவித்திருந்தார்.

விஷயம் இதுதான். வெளியிலிருந்து வருகிற எதுவும் எழுத்தாகத்தான் வரும். நாலு என்கிற எண்ணாக வராது, '4' என்று எழுதிய காகிதமாக வரும். நாம்தான் அதை எண்ணாக மாற்றிக்கொள்ளவேண்டும். அவர் மாற்றவில்லை. தலையில் நம்பர் என்று எழுதிவிட்டோம், நம்பர்தான் வரும் என்று நம்பிவிட்டார். அந்த மொழியோ, தலையில் எழுதியிருப்பதைப் படித்துத் தலையாட்டிவிட்டு, ஓடும்போது உள்ளே என்ன வருகிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது. எண்ணையும் எண்ணையும் கூட்டினால் ஒன்பது. எழுத்தையும் எழுத்தையும் கூட்டினால் பக்கத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த வாரம் எங்கள் ஆபீஸில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவை அந்த நாலும் ஐந்தும்தான்.

அவர் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கினார். எல்லோரும் பார்க்க நடந்துபோய், மூலையில் அந்தோணியின் நாற்காலிக்கு மேல் வைத்தார்.

"நாப்பத்தஞ்சு என் தப்பு" என்றார். "அந்தோணி தப்பு இல்ல."

பாத்திரக்கடை மிஷின்கூட அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. நான் அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன் என்றால் நம்புங்கள். பாதி வழியில் புத்தி வந்தது. அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நொண்டியபடி மூலைக்குப் போய், மேலே இருந்த அவர் நாற்காலியை இறக்கிவைத்துவிட்டுத் தன் நாற்காலியைப் பிடித்தான்.

"அத வையி" என்றார்.

"சார்?"

"கூட்டல் தப்பு என்னுது. டைப் எழுதாதது உன்னுது. அது அப்படியேதான் இருக்குது. இந்த வாரம்னா இந்த வாரம்."

அவர் நின்றார். அவன் நின்றான். அதற்குப் பிறகு நடந்ததற்கு யாரும் உத்தரவு போடவில்லை. நம் ஊரில் பெரியவர் நிற்கும்போது சின்னவன் உட்கார்ந்திருக்க முடியுமா? முதலில் டிசைனர் பெண் எழுந்தாள். பிறகு அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர். எனக்குப் பின்னால் நாற்காலிகள் கிறீச்சிடுவதைக் கேட்டுக்கொண்டே நானும் எழுந்தேன். மானிட்டர்களை சி.பி.யு. மேல் தூக்கி வைத்தோம். மொத்த ஆபீஸும் நின்றுகொண்டு தவளையைத் துடிக்கவைத்தது. மத்தியானம் முதலாளி வந்தார். ஆபீஸே எழுந்து நிற்பதைப் பார்த்து நெகிழ்ந்துபோய், "ஒக்காருங்க, ஒக்காருங்க, எதுக்கு இதெல்லாம்" என்று கையைக் காட்டிவிட்டு ரூமுக்குள் போனார். அவர் சொன்னது யாருக்கும் உதவவில்லை.

இதில் அந்தோணிக்கு ஒரு ஆறுதலும் இல்லை. மற்றவர்களுக்கு வலித்தது கால். அவனுக்குக் காலோடு சேர்ந்து வேறு ஏதோவும் வலித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் சார் மேஜைக்குப் போனான். "சார், ஒரு உதவி. காடாம்புலியூர் மாமாகிட்ட நீங்க சொன்னதாலதான் அவுங்க தயங்கறாங்க. தப்பு என்னுது இல்லன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

"சொல்லணும்" என்றார் சார். "நான் சொன்னது தப்பான தகவல். திருத்தணும்."

உடனே போனை எடுத்தார். அந்தோணி நம்பரைச் சொல்ல, போட்டார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். அந்த வாரம் நிற்பது எங்களுக்குப் பழகியிருந்தது. அந்தோணி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வணக்கம். நான் அந்தோணி டீம் லீடர் பேசறேன். அன்னிக்கு அந்தோணி தப்புன்னு சொன்னேன். பெரிய தப்பு என்னுது. அவரு நல்லா வேலை செய்றவரு."

போனிலிருந்து அந்த ஆளின் குரல் எங்களுக்கே கேட்டது. சந்தோஷக் குரல். "அட, அவ்ளோ பெரிய மனுஷன் நீங்களே கூப்புட்டு சொல்றீங்களே, சந்தோஷங்க. புள்ளைய பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. அப்போ வேல நெரந்தரம் ஆயிடுச்சுங்களா?"

ஒரு பொய் வேண்டாம். 'ஆயிடும்' என்றால் போதும். 'பாத்துக்கறோம்' என்றால் போதும். 'உம்' என்றால்கூடப் போதும். காடாம்புலியூரில் பந்தல் போட்டுவிடுவார்கள்.

"இல்ல" என்றார் சார். "ட்ரெயினிங்ல ரூல எல்லாம் ஃபாலோ பண்ணாரான்னு ஒரு கேள்வி இருக்குது. இல்லன்னு போட்டிருக்கேன். கன்ஃபர்ம் ஆவாது."

அந்தப் பக்கமிருந்து "சரிங்க" என்று மட்டும் கேட்டது. போனை வைத்தார்.

அந்தோணி என் கையை விட்டான். மூலைக்குப் போனான். தன் நாற்காலியை இழுத்துவந்து சாருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். வியாழக்கிழமைக்குப் பிறகு அந்த ஆபீஸில் உட்கார்ந்த முதல் ஆள். இரும்புப் பட்டை போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி முன்னால் நீட்டிவைத்துக்கொண்டான்.

"சார், ஒரு கேள்வி. ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. இந்த வாரம் பூரா எனக்குக் காலு வலிச்சிது. ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆமா" என்றார் சார்.

ஒரு விநாடிகூடத் தாமதிக்கவில்லை. மகளிடம் கேட்டு வாங்குகிற எண் மாதிரி, அவ்வளவு சுத்தமாக வந்தது பதில்.

அந்தோணி தலையை ஆட்டிக்கொண்டான். எழுந்து பையை எடுத்தான். டக், டக் என்று படியிறங்கினான். முந்திரிக்கொட்டை மஞ்சள் பை இன்னும் மேஜைமேல்தான் இருந்தது. அதை யாரும் தொடவில்லை. திங்கட்கிழமை அது ஆபீஸ் பொருள் இல்லை என்று சொல்லி, சார் தன் செலவில் கூரியர் போட்டுக் காடாம்புலியூருக்கே திருப்பி அனுப்பினார்.

அந்தோணி பிறகு ஓசூர்ப் பக்கம் போனான். அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் செல்போன்களில் ஃப்ளாஷ் ஓடாது என்றாகிவிட்டது. ஃப்ளாஷோடு தவளையும் செத்தது, ஆபீஸும் செத்தது. நான் கடலூரில் வேறொரு கம்பெனியில் பி.எச்.பி. எழுதப் போனேன். அதில் ரிடர்ன் டைப் எழுத இடமே கிடையாது. முதல் நாள் ஃபங்ஷன் தலையில் ஒன்றும் எழுதாமல் விட்டபோது எனக்கு வேட்டி அவிழ்ந்த மாதிரி இருந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. நல்ல காற்றோட்டம்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு நாள் சிதம்பரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போகக் கடலூரில் பஸ் ஏறினேன். கூட்டம் அதிகமில்லை. ஓ.டி. என்கிற ஓல்டு டவுன் ஸ்டாப்பில் முன்பக்கம் ஒருவர் கம்பியைப் பிடித்தபடி ஏறி நின்றார். முடி கொட்டியிருந்தது. கையில் ஊன்றுகோல். வலது கால் முழங்காலுக்குக் கீழே வீங்கி, நரம்பு சுருட்டிக்கொண்டு, செருப்பு நுழையாமல் பாதி மாட்டியிருந்தது. சார்.

அவர் பக்கத்திலேயே ஒரு சீட் காலி. அதன் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கு என்று எழுதியிருந்தது.

"யோவ், காலி சீட்ட பக்கத்துல வச்சிக்கினு ஏன்யா நிக்கிற? பிரேக் போட்டா வுழுந்து என் தாலிய அறுப்ப" என்றார் கண்டக்டர்.

"எனக்கு சர்டிபிகேட் இல்ல" என்றார் சார்.

"சர்டிபிகேட்ட நானா கேட்டேன்? ஒக்காருயா!"

"எழுதியிருக்குது பாருங்க."

கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் போனார். சார் திரும்பும்போது என்னைப் பார்த்துவிட்டார். அடையாளம் கண்டுகொண்டார்.

"இப்போ இன்னா எழுதற?"

"பி.எச்.பி. சார்."

"அதுல ரிடர்ன் டைப் எழுத எடமே இல்லியாமே?"

"இல்ல சார். வேணும்னா மேல கமெண்ட்டுல எழுதிக்கலாம்."

"கமெண்ட்ட மிஷின் படிக்காதே" என்றார் கவலையோடு. என் மேல் உள்ள கவலை. உண்மையான கவலை. பஸ் ஆலப்பாக்கம் ஸ்பீட்பிரேக்கரில் ஏறி இறங்கியது. கம்பியைப் பிடித்திருந்த அவர் கை வெளுத்தது, முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"சார், காலு வலிக்குதா?" என்றேன். சும்மாவும் இருக்கமாட்டாமல், "ஆமாவா, இல்லையா?" என்று சேர்த்துக்கொண்டேன்.

"ஆமா" என்றார். அதே சுத்தம். தாமதம் இல்லை.

என் உடம்பு என்னைக் கேட்காமலே சீட்டிலிருந்து பாதி எழும்பிவிட்டது. அவர் நின்றால் எழுவது அதற்குப் பழக்கம். அது அப்படித் தொங்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு மாடிப்படியில் டக், டக் என்று கேட்டது. உடம்பைத் திரும்பவும் இறக்கி, நன்றாகப் பின்னால் சாய்த்து, பரத்தி உட்காரவைத்தேன்.

புதுச்சத்திரம் வந்தது. புவனகிரி வந்தது. ஜன்னல் பக்கம் நல்ல காற்று.